பிரேக் குடுத்துட்டாங்க

எங்கள் அப்பா எதையும் ஒருமுறைதான் சொல்வார். கோபக்காரர் என்பதால் அல்ல. இரண்டாவது முறை சொல்ல அவருக்குக் கூச்சம். கடையில் கால் கிலோ வெல்லம் கேட்டு, கடைக்காரர் "இன்னா?" என்று திருப்பிக் கேட்டுவிட்டால் போதும், எதிரில் எது தெரிகிறதோ அதைக் கையால் காட்டி வாங்கிக்கொண்டு வந்துவிடுவார். வெல்லத்துக்குப் பதிலாகக் கல்லுப்பு வாங்கி வந்து அம்மாவிடம் திட்டு வாங்கியிருக்கிறார். அந்தக் கூச்சம் எனக்கும் அப்படியே வந்திருக்கிறது. இதை எழுதுவது எனக்குச் சுலபமாக இருக்கிறது. நேரில் கேட்டால் சொல்லியிருக்க மாட்டேன்.

1991 என்றால் எங்கள் பக்கத்து ஆட்களிடம் எல்லோரும் ஒரே ஒரு விஷயத்தைத்தான் கேட்பார்கள். அந்த வருடம் ஸ்ரீபெரும்புதூர் என்ற பெயர் நாடு முழுக்கத் தெரிந்துவிட்டது. நான் சொல்லப்போவது அது அல்ல. அதெல்லாம் ஓய்ந்து, ரோட்டில் நின்ற போலீஸ் வண்டிகள் போய், மழையும் பெய்து முடிந்த கார்த்திகை மாதத்தில் ஒரு சனி, ஞாயிறு. அந்த வருடத்தை நினைத்தால் எனக்கு ஒரு சம்படம் கேசரிதான் ஞாபகத்துக்கு வருகிறது. சொல்லவே வெட்கமாக இருக்கிறது, ஆனால் அப்படித்தான்.

எங்கள் வீடு பிள்ளைப்பாக்கத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊரில் இருந்தது. அப்போது பெங்களூர் ரோட்டில் கம்பெனிகள் அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் இருந்தன. அதில் ஒன்றில் அப்பா காண்ட்ராக்டில் வேலை செய்தார். வண்டிகளுக்கு இரும்புச் சாமான் செய்கிற கம்பெனி. வார்த்து வந்த இரும்பில் நீட்டிக்கொண்டிருக்கும் பிசிறுகளை அரத்தால் ராவி எடுப்பது அவர் வேலை. சாயங்காலம் வீட்டுக்கு வரும்போது புருவத்தில்கூட இரும்புத் தூள் இருக்கும்.

அந்தக் கம்பெனியிலேயே பிரேக் செக்ஷன் என்று இன்னொரு கொட்டகை. அங்கே ஃபேன் உண்டு, நீலச் சட்டை உண்டு, வேலை செய்கிறவர்கள் எல்லோரும் பர்மனென்ட். அப்பா அதிகம் பேசாதவர்தான். ஆனால் சாப்பிடும்போது எப்போதாவது, "பிரேக் செக்ஷன்ல எடுத்துக்கினா பர்மனென்ட்தான்" என்பார். இதை மட்டும் அவர் பலமுறை சொல்லிக் கேட்டிருக்கிறேன். அம்மா இதைக் காதில் வாங்கி, சாமி படத்துக்கு முன்னால் தினம் வேண்டிக்கொள்ள ஆரம்பித்திருந்தார். சாமியிடமே, "அவருக்கு அந்த பிரேக்க மட்டும் குடுத்துடு" என்று வாய்விட்டுக் கேட்பார்.

அந்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் அப்பா வழக்கத்தைவிடச் சீக்கிரம் வந்தார். சைக்கிளைச் சுவரில் சாய்த்தார். அடுப்படியில் இருந்த அம்மாவைப் பார்த்து, நிலைப்படிக்கு வெளியில் நின்றபடியே சொன்னார்.

"பிரேக் குடுத்துட்டாங்க."

அம்மா கரண்டியோடு எழுந்தார். "நெசமாவா?"

"உம்."

"என் சாமி! நான் கேட்டது வீண் போவல. டேய், ஓடிப் போயி கற்பூரம் வாங்கிகினு வாடா!"

"அது இன்னான்னா..." என்றார் அப்பா.

"இருங்க, மொதல்ல கால கழுவிகினு வாங்க. எல்லாத்தையும் அப்பறமா சொல்லலாம்."

அந்த அப்பறம் வரவே இல்லை. கம்பெனியிலிருந்து வீடு வரைக்கும் சைக்கிள் மிதித்துக்கொண்டே அந்த ஒரு வரியைத்தான் அவர் மனதுக்குள் சொல்லிப் பார்த்திருப்பார் என்று இப்போது நினைக்கிறேன். அதைச் சொல்லி முடித்துவிட்டார். அதற்கு மேல் அவரிடம் வேறு வரி இல்லை.

நானோ தெருவில் ஓடிக்கொண்டிருந்தேன். அப்போது எனக்குப் பதினொரு வயது. "எங்க நைனாவுக்கு பிரேக் குடுத்துட்டாங்க!" என்று ஒரு வீடு விடாமல் கத்திக்கொண்டே போனேன். நாங்கள் அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவோம். கடைக்காரர் கற்பூரத்தை மடித்துக் கொடுத்துவிட்டு, "அப்பிடியே ஒரு பிரேக்க அந்த சைக்கிளுக்கும் போட்டுக்கச் சொல்லுடா. ஏரிக்கரை இறக்கத்துல உங்கப்பன் வர்றத பாத்தா எங்களுக்கு வவுத்த கலக்குது" என்றார். கடையில் நின்றிருந்தவர்கள் சிரித்தார்கள். அது உண்மைதான். அப்பாவின் சைக்கிளில் பிரேக் கட்டை தேய்ந்துபோய்ப் பல மாதம் ஆகியிருந்தது. இறக்கத்தில் செருப்பைத் தரையில் தேய்த்துத்தான் நிறுத்துவார். நானும் சேர்ந்து சிரித்தேன். எல்லாவற்றுக்கும் சிரிக்கலாம் என்று இருந்தது அன்றைக்கு.

மறுநாள் சனிக்கிழமை கம்பெனியில் அரை நாள் வேலை. அம்மா காலையிலேயே எழுந்து கேசரி கிளறினார். கலர் பொடி கொஞ்சம் தூக்கலாக விழுந்து செங்கல் நிறத்தில் இருந்தது. அதை எவர்சில்வர் சம்படத்தில் வைத்து அழுத்தி மூடினார்.

"இத உங்க சூப்ரவைசருக்குக் குடுங்க. சும்மா வெறுங்கைய வீசிகினு போயி நிக்காதீங்க. இவனுக்கு இன்னிக்கி பள்ளிக்கூடம் லீவுதான. இட்டுகினு போயி எந்த எடம்னு காட்டுங்க. புள்ள பாக்கட்டும்."

அப்பா சம்படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "உள்ள வுட மாட்டாங்க" என்றார்.

"வெளிய நின்னு பாத்துட்டு வரட்டும்."

அதற்கு மேல் மறுத்துச் சொல்ல இரண்டாவது வரி வேண்டும். அவர் சைக்கிளை எடுத்தார். நான் சம்படத்தை மடியில் வைத்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்தேன்.

போகிற வழியெல்லாம் கேள்வி கேட்டேன். பிரேக்கை எப்படிச் செய்வார்கள், எதனால் செய்வார்கள், வண்டி அதில் எப்படி நிற்கும் என்று. அப்பா பதில் சொன்னார். அவ்வளவு நீளமாக அவர் பேசி நான் அதுவரை கேட்டதில்லை. பிறைமாதிரி வளைந்த இரும்பு வரும், அதன் முதுகில் கறுப்பாக ஒரு பட்டையை வைத்து ஆணி அடிப்பார்கள், அந்தப் பட்டைதான் சக்கரத்தைப் பிடித்து உராயும், அதைத் தட்டிப் பார்த்தால், விரிசல் விட்ட ஓட்டைத் தட்டியதுபோல ஓட்டுச் சத்தம் வரக்கூடாது என்றெல்லாம் சொன்னார். அந்தக் கொட்டகையின் கதவுப் பக்கம் போகும்போதும் வரும்போதும் நின்று பார்த்துத் தெரிந்துகொண்டவை அவை. அது எனக்குத் தெரியாது. இனிமேல் அவர் கையால் செய்யப்போகிறவை என்று நினைத்தேன்.

கம்பெனி கேட்டில் வாட்ச்மேன் உட்கார்ந்திருந்தார். தெற்கத்திக்காரர். அப்பாவைப் பார்த்ததும் எழுந்து வந்தார்.

"வாங்க அண்ணாச்சி. உங்களுக்குத்தான் நேத்தோட பிரேக் ஆயிட்டுல்லா, பொறவு என்ன இந்தப் பக்கம்?"

அப்பா குனிந்து சைக்கிளுக்கு ஸ்டாண்டு போட்டார். நான் சொன்னேன். "ஆமா, பிரேக் செக்ஷன். நான் பாக்க வந்துகீறேன்."

வாட்ச்மேன் என்னைப் பார்த்தார். பிறகு என் மடியில் இருந்து கைக்கு வந்திருந்த சம்படத்தைப் பார்த்தார். கடைசியாக அப்பாவைப் பார்த்தார். அப்பா கேட்டில் தொங்கிய பூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தம்பி, அது வண்டியில இருக்க பிரேக்கு" என்றார் வாட்ச்மேன், குரலைத் தாழ்த்தி. "இது வேற. கொஞ்ச நாளைக்கு வேலைக்கு வராதீங்கன்னு சொல்லுததுக்கும் பிரேக்குன்னுதான் பேரு."

எனக்கு முதலில் புரியவில்லை. புரிந்தபோது காது இரண்டும் சுட்டது. நான் கத்திக்கொண்டு ஓடிய தெருவும் வீடுகளும் ஒவ்வொன்றாகக் கண் முன்னால் வந்தன. கடையில் சிரித்த சிரிப்பு வந்தது. அதையெல்லாம்விட, அப்பாவின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அவருக்கும் என்னைப் பார்க்க முடியவில்லை. இரண்டு பேரும் அந்தப் பூட்டையே பார்த்துக்கொண்டு நின்றோம்.

காண்ட்ராக்டர் வந்தால் பேசிப் பார்க்கலாம் என்று அப்பா நினைத்திருந்தார். அவர் மனது வைத்துத் திரும்ப எடுத்துக்கொண்டால், வீட்டில் எதையும் சொல்லத் தேவையில்லை. திங்கட்கிழமை காலையில் வழக்கம்போல வேலைக்குக் கிளம்பிவிடலாம். அவ்வளவுதான் அவர் கணக்கு. கேட்டுக்கு எதிரில் வேப்பமரத்தடியில் காத்திருந்தோம். வெயில் ஏறிய பிறகு காண்ட்ராக்டர் ஸ்கூட்டரில் வந்தார். அப்பா ஓடிப்போய் முன்னால் நின்றார்.

"சார்."

"இன்னாய்யா?"

"பிரேக்கு..."

"ஆமா, குடுத்தாச்சு. எட்டு மாசம் ஆச்சில்ல? அதுக்கு மேல வச்சிகினா உன்ன பர்மனென்ட் பண்ணுன்னு நாளைக்கி நீயே கேஸ் போடுவ. உனக்கு மட்டுமா? எல்லாருக்கும்தான் குடுக்கறோம். மூணு மாசம் கழிச்சி வா, பாக்கலாம்."

அப்பா இன்னொருமுறை கேட்பார் என்று காத்திருந்தேன். கேட்கவில்லை. என் கையிலிருந்த சம்படத்தை வாங்கி, இரண்டு கையாலும் அவரிடம் நீட்டினார். "வூட்ல செஞ்சாங்க."

காண்ட்ராக்டர் மூடியைத் திறந்து பார்த்தார். "எனக்கு சக்கரய்யா. இதெல்லாம் தொடக்கூடாது" என்று மூடித் திருப்பிக் கொடுத்துவிட்டு உள்ளே போனார். கெட்ட மனிதர் என்று சொல்ல முடியாது. முகத்தைச் சுளிக்கக்கூட இல்லை. ஆனால் நீட்டிய சம்படத்தை அப்பா திரும்ப வாங்கிக்கொண்டதை வாட்ச்மேன் பார்த்தார், டீக்கடையில் இருந்தவர்கள் பார்த்தார்கள், நான் பார்த்தேன். பின்னாளில் இருங்காட்டுக்கோட்டையில் பெரிய கம்பெனிகள் வந்து, நானும் காண்ட்ராக்டில் சேர்ந்து, நானும் பிரேக் வாங்கியிருக்கிறேன். வீட்டில் சொல்லும்போது "வேலையில்ல" என்றுதான் சொல்வேன். பிரேக் என்ற சொல்லை இன்றுவரை வீட்டுக்குள் கொண்டு வந்ததில்லை.

வேலை விடுகிற நேரம் வரைக்கும் வீட்டுக்குப் போக முடியாது. ஏரிக்கரைக்குப் போனோம். மழையில் ஏரி நிரம்பி, கலங்கல் வழியாகத் தண்ணீர் இரைச்சலோடு வெளியே போய்க்கொண்டிருந்தது. கரையில் ஒரு பனைமர நிழலில் உட்கார்ந்தோம். நடுவில் சம்படம்.

சம்படத்தைப் பார்த்துக்கொண்டே அப்பா சொன்னார். "சக்கரையாம்."

நான் அவரைப் பார்த்தேன். அவர் வாய் ஓரம் கோணியது. "வவுத்த பாத்தா அப்பிடித் தெரியல" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவருக்கும் வந்தது. சத்தம் இல்லாமல் தோள் குலுங்கச் சிரித்தார். பிறகு சம்படத்தைத் திறந்தார். சாப்பிடக் கூடாது என்றுதான் நினைத்தேன். அம்மா சூப்பர்வைசருக்கு என்று செய்தது. ஆனால் பசி. அவர் ஒரு விள்ளல் எடுத்தார், நான் ஒரு விள்ளல் எடுத்தேன். முந்திரி வந்தால் என் பக்கம் தள்ளினார். சம்படத்தின் ஓரங்களை விரலால் வழித்துத் தின்றோம். எங்கள் வீட்டில் கேசரி செய்தால் அதுவரை எனக்கு ஒரு கரண்டிக்கு மேல் கிடைத்ததில்லை. அத்தனை ருசியாக இருந்ததுதான் எனக்கு இன்றும் உறுத்துகிறது.

சாப்பிட்டு முடித்ததும் அப்பா சட்டையைக் கழற்றி வைத்துவிட்டு ஏரியில் இறங்கினார். அவருக்கு நீச்சல் தெரியும் என்பதே எனக்கு அன்றுதான் தெரிந்தது. கொஞ்ச தூரம் போய் மல்லாந்து படுத்துக்கொண்டார். கை கால் எதையும் அசைக்காமல் தண்ணீர் மேல் அப்படியே கிடந்தார். பயந்துபோய் "நைனா!" என்று கத்தினேன். காது தண்ணீருக்குள் இருந்ததால் கேட்கவில்லை. மறுபடியும் கத்தினேன். தலையைத் தூக்கி, "நீயும் வா" என்றார். பிறகு, நான் நகராததைப் பார்த்து, "வாடா, நான் புடிச்சிக்கிறேன்" என்று இரண்டாவது தரமும் சொன்னார். இடுப்பளவு தண்ணீரில் என் முதுகுக்குக் கீழே கையைக் கொடுத்துத் தாங்கிக்கொண்டு நின்றார். வானத்தைத் தவிர எதுவும் தெரியவில்லை. யாரும் எங்களைப் பார்க்கவும் இல்லை.

கரையேறியதும் சம்படத்தை மண் போட்டுத் தேய்த்துக் கழுவினார். "அம்மாகிட்ட நான் சொல்லிக்கிறேன்" என்றார். நான் தலையாட்டினேன்.

வீட்டுக்குள் நுழைந்ததும் அம்மா சம்படத்தைத்தான் வாங்கித் திறந்து பார்த்தார். "இன்னா சொன்னாரு சூப்ரவைசரு?"

அப்பா வாயைத் திறந்தார். திறந்தபடியே நின்றார். அவர் அப்படி நின்றதைப் பார்க்க முடியாமல் நான் சொன்னேன். "நல்லா இருந்துச்சாம். முந்திரி நெறைய இருந்துச்சின்னாரு."

அம்மாவின் முகம் மலர்ந்தது. அப்பா பின்பக்கம் போய்விட்டார். அன்று மீதிப் பொழுது அவர் நான் இருக்கும் பக்கம் வரவில்லை. நானும் அவர் இருக்கும் பக்கம் போகவில்லை. ஆனால் ஒருவர் எங்கே இருக்கிறோம் என்று மற்றவருக்குத் தெரிந்துகொண்டே இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை என் தாய்மாமன் வருவதாக இருந்தது. அம்மாவுக்குத் தம்பி. அம்பத்தூரில் ஒரு கம்பெனியில் பர்மனென்ட். வரும்போதெல்லாம், "மாமா, இந்த ராவுற வேலையெல்லாம் ஒரு வேலையா? எங்க ஊருக்கு வாங்க, ஹெல்பரா சேத்து வுடறேன்" என்று அப்பாவிடம் சொல்வார். அம்மாவுக்கு அதைக் கேட்டாலே ஆகாது. இந்த முறை தம்பிக்கு முன்னால் தலை நிமிர்ந்து சோறு போட வேண்டும் என்று அம்மா முடிவு செய்திருந்தார். ஒரு வீட்டில் பெரிய அண்டா, இன்னொரு வீட்டில் மடக்கு நாற்காலி, மற்றொரு வீட்டில் பூப்போட்ட எவர்சில்வர் தட்டுகள் என்று சனிக்கிழமை சாயங்காலமே மூன்று வீடுகளில் இரவல் வாங்கி வந்தார்; கனமான அண்டாவை மட்டும் அப்பா தூக்கி வந்தார். வாங்கப் போன இடத்திலெல்லாம் காரணத்தையும் சொல்லிவிட்டு வந்திருந்தார். நாட்டுக்கோழி அடித்தோம். எங்கள் வீட்டு ஆட்களுக்கு அவ்வளவு பெரிய அண்டா தேவையே இல்லை. அடியில் கொஞ்சூண்டு சோறு கிடந்தது.

மாமா நாற்காலியில் உட்காராமல் எங்களோடு தரையில் உட்கார்ந்துதான் சாப்பிட்டார். கோழி நன்றாக இருக்கிறது என்றார். பிறகு அப்பாவைப் பார்த்து, "இன்னா மாமா, பிரேக் செக்ஷனாமே? தெருமொனையிலயே சொல்லிட்டாங்க. அங்க இன்னா வேல உங்களுக்கு?" என்றார்.

அப்பா தட்டைப் பார்த்தபடி சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார்.

நான் சொன்னேன். "பிறை மாதிரி இரும்பு வரும் மாமா. அது முதுகுல கறுப்பா ஒரு பட்டைய வச்சி ஆணி அடிப்பாங்க. தட்டிப் பாத்தா ஓட்டுச் சத்தம் வரக்கூடாது."

"பார்றா! அப்பன் வாயத் தொறக்கலன்னாலும் புள்ள வாய் கிழியப் பேசுது." மாமா சிரித்தார். உண்மையிலேயே சந்தோஷமாகத்தான் சிரித்தார். "பரவால்ல மாமா. எப்ப போட்டாங்க?"

அம்மா குழம்பை ஊற்றிக்கொண்டே பெருமையோடு சொன்னார். "முந்தாநாள்தான்டா. வந்து நின்னுகினே சொன்னாரு, பிரேக் குடுத்துட்டாங்கன்னு."

மாமாவின் கை நின்றது. "இன்னான்னு சொன்னாரு?"

"பிரேக் குடுத்துட்டாங்கன்னு."

"குடுத்துட்டாங்கன்னா? பிரேக்ல போட்டாங்கன்னு சொல்லலியா?"

"ரெண்டும் ஒண்ணுதான?"

மாமாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. வாயில் இருந்த சோறு சிதறியது. "அய்யோ அக்கா! அய்யோ அக்கா!" என்று தொடையைத் தட்டினார். பிறகு அப்பாவைப் பார்த்தார். அப்பா இன்னும் பிசைந்துகொண்டே இருந்தார், கூழாகிப் போகிற அளவுக்கு. மாமாவின் சிரிப்பு பாதியில் நின்றது. ஆனால் சிரித்ததைத் திரும்ப வாங்க முடியாதே. தண்ணீர்ச் செம்பை எடுத்துக் குடித்தார்.

"எத்தினி மாசம் மாமா?" என்றார் மெதுவாக.

"மூணு" என்றார் அப்பா.

"இன்னாது மூணு?" என்றார் அம்மா. மாமா செம்பைக் கீழே வைத்தார். "கேக்குறேனில்ல, இன்னாது மூணு?"

மாமாதான் சொன்னார். "வேலைய வுட்டு நிறுத்தி வச்சிகீறாங்கக்கா. மூணு மாசத்துக்கு. எங்க கம்பெனிலயும் காண்ட்ராக்ட் ஆளுங்களுக்கு இப்பிடித்தான். அதுக்குப் பேருதான் பிரேக் குடுக்கறது."

அம்மா குழம்புக் கிண்ணத்தோடு அப்படியே நின்றார். அழுவார் என்று நினைத்தேன். கத்துவார் என்று நினைத்தேன். அவர் என் பக்கம் திரும்பி ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"அப்போ கேசரிய யார்றா துன்னது?"

நான் அப்பாவைப் பார்த்தேன். அவர் முதல்முறையாகத் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார்.

"நாங்கதான்" என்றேன்.

"முழுசுமா?"

"முழுசும்" என்றார் அப்பா.

அம்மா உள்ளே போய்விட்டார். பாத்திரம் ஒன்றை எடுத்து வைக்கிற சத்தமும், எடுத்ததையே திரும்ப எடுத்து வைக்கிற சத்தமும் கேட்டன. நாங்கள் மூன்று பேரும் சாப்பிடவும் முடியாமல் எழுந்திருக்கவும் முடியாமல் உட்கார்ந்திருந்தோம். கொஞ்ச நேரத்தில் அவர் திரும்பி வந்து, அப்பாவின் தட்டில் ஒரு கரண்டி சோறு போட்டார். "துன்னுங்க. கோழி அடிச்சாச்சி, அத இன்னா பண்றது" என்றார்.  மாமா கிளம்பும்போது அப்பாவிடம் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அம்பத்தூர் வேலையைப் பற்றித்தான் இருக்கும். அம்மா பார்த்த பார்வையில் சொல்லாமலே போய்விட்டார்.

அதற்குப் பிறகுதான் அம்மாவுக்கு அது உறைத்தது. அடுப்படியில் கழுவிக் கவிழ்த்த அண்டாவைப் பார்த்தார். சுவரில் சாய்ந்த நாற்காலியைப் பார்த்தார்.

"தெரு முழுக்கச் சொல்லிட்டனே. எந்த மூஞ்ச வச்சிகினு நான் போயி இதெல்லாம் குடுப்பேன்? நாளைக்கி காலையில நீங்க வேலைக்குப் போவாம வூட்டுல கெடந்தா, ஊரு இன்னா பேசும்?" என்று சொல்லி, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

அப்பா அடுப்படிக்குள் போனார். பிறகு அண்டாவைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார்.  நான் நாற்காலியை மடக்கி எடுத்துக்கொண்டு, தட்டுகளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டேன். வெயில் தாழ்ந்திருந்தது. தெருவில் எல்லோரும் வெளியில்தான் இருந்தார்கள். அண்டாவைச் சுமந்துகொண்டு போகிறவரை யாரும் பார்க்காமல் இருக்க மாட்டார்கள்.

முதல் வீட்டில் நாற்காலியைக் கொடுத்தோம். வீட்டுக்காரர், "வாப்பா பர்மனென்ட்டு!" என்று அப்பாவின் முதுகில் தட்டினார். அப்பா, "அது வேற பிரேக்கு" என்றார். அவருக்குப் புரியவில்லை. "இன்னாது?" என்று கேட்டார். அப்பா அப்படியே நின்றார். வெல்லத்துக்குப் பதில் உப்பைக் காட்டுகிற முகம். நான்தான் சொன்னேன். "வேலைய வுட்டு நிறுத்திட்டாங்க. நான்தான் தெரியாம கத்திட்டேன்." சொல்லும்போது என் குரல் கீச்சென்று வந்தது. அவர், "அடப் பாவமே" என்றார். அந்தப் பாவமே என்ற வார்த்தை, கடைக்காரர் சிரித்ததைவிட மோசமாக இருந்தது.

இரண்டாவது வீட்டில் தட்டுகளைக் கொடுத்தோம். அங்கே நான் பாதி சொன்னேன், மீதியை அப்பா சொன்னார். "மூணு மாசம்" என்பது மட்டும்தான் அவர் சொன்னது. தெருவில் நடக்கும்போது எதிரில் வந்த யாரோ கேட்டதற்கும் அதையே சொன்னார். நான் அவருக்குப் பக்கத்தில், அண்டாவின் நிழலில் நடந்தேன்.

கடைசி வீடு அண்டாக்காரம்மா வீடு. எங்கள் தெருவிலேயே வாய் பெரிய அம்மா அவர்தான். வாசலில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். நான் வாயைத் திறப்பதற்குள் அப்பா அண்டாவை இறக்கி வைத்தார். தோளில் அண்டாவின் விளிம்பு பதிந்து சிவந்திருந்தது.

"எனக்கு வேல போயிடுச்சிம்மா" என்றார். "பிரேக்குன்னா வேலைய நிறுத்தறது. நான் சொன்னது வூட்ல தப்பா புரிஞ்சிகினாங்க. நான் திருப்பிச் சொல்லல. கூச்சமா இருந்துச்சி. மூணு மாசம் கழிச்சி கூப்புடுவாங்கன்னு சொல்லிகீறாங்க. அதுவரிக்கும் வேற இன்னா வேல கெடச்சாலும் செய்வேன். எங்கனா இருந்தா சொல்லுங்க."

அவ்வளவு வாக்கியங்களை ஒருசேர, ஊர் ஆள் ஒருவரிடம் அவர் சொல்லி நான் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை. நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த அம்மா கீரையைக் கீழே வைத்தார். எழுந்து வந்து அண்டாவைச் சாய்த்துச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். உள்ளே கையை விட்டுத் தடவினார். பிறகு அடிப்பக்கம் ஒரு இடத்தில் விரலை வைத்தார்.

"இந்த நசுங்கலு இன்னாது?"

"அது முன்னாடியே இருந்துச்சி" என்றார் அப்பா.

"இன்னா? இல்லியே. நான் குடுக்கும்போது இல்ல."

 இரண்டாவது தரம் கேட்டுவிட்டார்கள். இனி அப்பா பேச மாட்டார், ஒத்துக்கொண்டு வந்துவிடுவார் என்று நினைத்தேன்.

"இருந்துச்சி" என்றார் அப்பா, அதே குரலில். "நேத்து இத தூக்கிகினு வரும்போதே பாத்தேன். முன்னாடியே இருந்துச்சி."

"இருந்துச்சி" என்றேன் நானும்.

அந்த அம்மா எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "சரி, இருக்கட்டும். அப்பனும் புள்ளயும் இன்னா இப்பிடிச் சண்டைக்கி வர்றீங்க" என்று சொல்லிவிட்டு, அண்டாவை உள்ளே உருட்டிக்கொண்டு போனார்.